குகனுக்குக் கட்டிய காப்பு

ஐப்பசி 16, சனி

காப்புக் கட்டும்போது அறையில் இருந்தவர்கள் இவர்கள்: கட்டியவள் கோமதி, என் மருமகள். கட்டிக்கொண்டவன் குகன், என் பேரன், விமானப்படையில் விமானம் ஓட்டுகிறவன். ஜன்னலோரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றவன் குற்றாலநாதன், நான் பெற்றவன், குகனுக்கு அப்பா. கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தவள் ஆவுடையம்மாளாகிய நான். கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தது குறிஞ்சி, குகனின் மகள், நாலு வயது. இல்லாதவள் ஒருத்திதான். குகன் பெண்டாட்டி அனுராதா பக்கத்து அறையில் குளித்துக்கொண்டிருந்தாள். அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்துத்தான் கோமதி மஞ்சள் கயிற்றை எடுத்தாள்.

மறந்துபோகும் என்று எழுதவில்லை. நான் எதையும் மறக்கிறதில்லை. மற்றவர்கள் பிறகு மாற்றிச் சொல்வார்கள், அதற்காக எழுதுகிறேன்.

கயிற்றை மணிக்கட்டில் கட்டாமல், சட்டைக் கைக்குள் மறைகிற மாதிரி புஜத்தில் கட்டினாள்.

“ஆறு நாளும் பொழுதடைஞ்ச பெறகு ஒரு டம்ளர் பாலும் ஒரு பழமுந்தான், ஐயா. பகல்ல பச்சத் தண்ணி. திருச்செந்தூரான்கிட்ட வாய் விட்டுக் கேட்டுட்டேன்.”

குகனோடு பயிற்சி முடித்த பையன் ஒருவன் போன வருஷம் விமானத்தோடு விழுந்து செத்தான். அன்றைக்கு அதில் போயிருக்க வேண்டியவன் குகன். சளி பிடித்திருந்ததால் ஆளை மாற்றினார்கள். சேதி வந்ததும் கோமதி, என் பிள்ளையை விட்டு வைத்தாய், அவன் அடுத்த கந்த சஷ்டிக்கு விரதம் இருப்பான் என்று நேர்ந்துகொண்டாள். நேர்ந்தது அவள், பட்டினி அவன். அவள் வழக்கமே அதுதான். அடுத்தவர் உடம்பைக் காட்டித்தான் சாமியிடம் பேசுவாள்.

“ஏல, ஒனக்குச் சம்மதந்தானா?” என்று கேட்டேன்.

“ஆறு நாளுதான, ஆச்சி. அனுக்கு மட்டும் தெரிய வேண்டாம். தெரிஞ்சா ஊரக் கூட்டிருவா.”

“நீ என்னல சொல்லுத?” என்று என் மகனைக் கேட்டேன்.

“எல்லாரும் நிம்மதியா இருந்தாச் சரி” என்றான். கண்ணாடி இன்னும் துடைத்து முடியவில்லை.

ஐப்பசி 17, ஞாயிறு

இது பாலைவன ஓரம். மரம் என்று நிற்பதெல்லாம் முள்தான். குகன் இதுவரை ஓட்டியது ஒரு வகை விமானம். இங்கே வேறு வகை, போர் விமானம், அதைப் பழக மூன்று வாரப் பயிற்சி. தீபாவளி லீவு என்று அனுராதாவும் குழந்தையும் கூட வந்தார்கள். அது தெரிந்ததும் கோமதி தானும் பெட்டி கட்டினாள். என்னைத் தனியாக விட்டால் தெரு பேசும் என்று என்னையும் ரயிலில் ஏற்றினார்கள். கீழ்ப் படுக்கையை எனக்கு விட்டுத்தராதவனுக்கு வலது புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. எங்கே பார்த்தாலும் தெரியும்.

விருந்தினர் விடுதியில் ஒட்டினாற்போல இரண்டு அறை. ஒன்றில் குகனும் பெண்டாட்டியும் பிள்ளையும், இன்னொன்றில் நாங்கள் மூன்று பேர்.

மயில் இங்கே காக்கை மாதிரி. ஓடுபாதைப் பக்கம் கூட்டமாக மேய்கிறது. விரட்டுவதற்கு ஆள் வைத்து வெடி போடுகிறார்கள். வெடிக்கும்போதெல்லாம் குறிஞ்சி இன்னும் தீபாவளி என்று கை தட்டுகிறாள்.

மத்தியானம் சாப்பிடும்போது ஒரு மயில் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றது. கோமதி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “சஷ்டியும் அதுவுமா முருகன் வாகனம் வாசலுக்கே வந்துட்டு, பாத்தியளா அத்தை.”

“அது ஒண்ணு இன்ஜினுக்குள்ள போச்சுன்னா விமானம் கீழ வந்துடும், அத்தை” என்றாள் அனுராதா.

“நல்ல வார்த்தையே வராதா ஒனக்கு?”

அனுராதா மெட்ராஸில் வளர்ந்தவள். என்னைப் பாட்டி என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமான மறுநாளே ஆச்சி என்று கூப்பிடு என்று சொன்னேன். சரி பாட்டி என்றாள். அதையும் மறக்கவில்லை.

குகன் புது விமானத்தின் பாடம் படிக்கப் போயிருந்தான். “ஞாயித்துக்கிழமை கூட அங்கதான் சாப்பாடு அவருக்கு” என்றாள் அனுராதா. “ஒரு விதத்துல நல்லதுதான். வெறும் வயித்தோட பறக்கக் கூடாதுன்னு ரூல் இருக்கு. சாப்பிட்டியான்னு கேட்டுட்டுத்தான் ஏத்துவாங்க. அதனால எனக்கு அந்தக் கவலையே இல்ல.”

மேசையில் நாங்கள் மூன்று பேரும் அவரவர் தட்டைப் பார்த்தோம்.

ஐப்பசி 18, திங்கள்

இன்றைக்குத்தான் குகன் புது விமானத்தில் ஏறினான். முன்னால் இவன், பின்னால் வாத்தியார். இறங்கி வந்தவனுக்குக் கன்னம் ஒட்டியிருந்தது. பொழுது சாய்ந்ததும், அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எங்கள் அறைக்கு வந்து பாலைக் குடித்தான்.

“சாப்பிட்டியான்னு கேப்பாவளாமே, என்னல சொல்லுத?”

“அங்க கேட்டா வீட்ல சாப்பிட்டேங்கேன். வீட்ல கேட்டா அங்க சாப்பிட்டேங்கேன். ரெண்டு பக்கமும் சந்தோசம்.” சிரித்தான்.

மேலே என்னதான் செய்வார்கள் என்று கேட்டேன். குளியலறையிலிருந்து சொம்பில் தண்ணீர் பிடித்து வந்தான். கையை நீட்டி வேகமாகச் சுழற்றினான். சொம்பு தலைகீழாகப் போகும்போதும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

“தண்ணி அடியில போய் ஒட்டிக்கிட்டுல்லா? விமானத்த வெட்டித் திருப்பும்போது என் ரத்தமும் அப்படித்தான் காலுக்கு இறங்கிரும், ஆச்சி. தலையில நிக்காது. காலையும் வயித்தையும் இறுக்கிப் பிடிச்சு அத மேல ஏத்தணும்.”

“வயித்துல ஒண்ணுமில்லாம எத இறுக்குவ?”

சொம்பை வைத்தான். பிறகு தாழ்ந்த குரலில், “நம்பிக்கை இல்லாம அந்தப் பொட்டிக்குள்ள ஏற முடியாது ஆச்சி. அன்னைக்கு எனக்குச் சளி பிடிச்சது சும்மாவா?” என்றான்.

நானும் நாற்பது வருஷம் சஷ்டி விரதம் இருந்தவள். மூன்றாம் நாள் உடம்பு பஞ்சாக இருக்கும். நாலாம் நாள் எழுந்தால் கண் முன்னால் பூச்சி பறக்கும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவனுக்கு மேலே சுவர் இல்லை.

அனுராதாவிடம் சொல்லலாம். சொன்னால் விரதம் முறியும். முறித்தது யார் என்று மேலே இருக்கிறவன் பார்ப்பான். அதற்குப் பிறகு பிள்ளைக்கு ஒன்று ஆனால் கோமதியின் விரல் என் பக்கம்தான் நீளும்.

ராத்திரி எனக்கு வைத்த சப்பாத்தி மீந்தது. பசியில்லை.

ஐப்பசி 19, செவ்வாய்

கோமதி காலையில் தோசை கொண்டுவந்தாள். வேண்டாம் என்றேன். அவள் கையால் எனக்கு எதுவுமே இறங்காது, அது அவளுக்கும் தெரியும்.

பன்னிரண்டு வருஷக் கதை. குகன் விமானப்படைக்குத் தேர்வானதும், மாமனார் பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்து வருவார் என்று நேர்ந்துகொண்டவள் இவள். என் வீட்டுக்காரர் சங்கரலிங்கத்துக்குச் சர்க்கரை. டாக்டரைக் கேட்காமல் விட மாட்டேன் என்று நான் நின்றேன். குற்றாலநாதன்தான் எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப்போனான். அந்த டாக்டர் தமிழ் தெரியாதவர், இங்கிலீஷில்தான் பேசுவார். என் மகன் கல்வி அலுவலகத்தில் மேலாளராக இருந்தவன், தெருவில் யாருக்கு இங்கிலீஷ் காகிதம் வந்தாலும் அவன்தான் படித்துச் சொல்வான். டாக்டர் பேசும்போது பேனாவால் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினார். குரல் உயர்ந்துதான் இருந்தது. பெரிய டாக்டர்கள் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்ததும் இவன், “நடக்கலாம்னுட்டாரும்மா, சர்க்கரைக்கு நடக்கது நல்லதாம்” என்றான்.

நடந்தார். குதிகாலில் ஒரு கொப்புளம். தைப்பூசத்துக்குக் கொப்புளம், மாசியில் முழங்காலோடு எடுத்தார்கள், பங்குனி உத்திரத்துக்கு அவர் இல்லை. அன்றிலிருந்து கோமதி கையால் எதுவும் வாங்கிச் சாப்பிட்டதில்லை.

இன்றைக்குக் குகன் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக் கண்ணை மூடி நின்றான். கீழே நின்ற குற்றாலநாதன் அதைப் பார்த்தான். நான் இரண்டு பேரையும் பார்த்தேன்.

“என்னல அவனுக்கு?”

“ஒண்ணுமில்லம்மா. செருப்பு வழுக்கிட்டு.”

குகன் காலில் ஷூ இருந்தது.

ஐப்பசி 20, புதன்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

காலையில் பறந்தபோது வெட்டித் திருப்பின இடத்தில் குகனுக்குக் கண் இருட்டித் தலை சாய்ந்துவிட்டது. பின்னால் இருந்த வாத்தியார் விமானத்தைத் தன் கைக்கு எடுத்துக் கீழே கொண்டுவந்தார். இறங்கியதும் அவரே குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகுதான் ரத்தம் எடுத்தார்களாம், அதனால் ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருந்தது தெரியவில்லை. ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று சொல்லி வந்துவிட்டான். எங்கள் அறையில் வந்துதான் இதைச் சொன்னான். உதடு வெளுத்திருந்தது.

“எல்லாருக்கும் எப்பமாவது வாரதுதான்” என்றான்.

கோமதி அவன் புஜத்துக் கயிற்றைத் தடவி, “காப்பாத்திட்டான் பாத்தியா” என்று அழுதாள். அவள் ஒரு கணக்கில் அழுகிறாள், நான் ஒரு கணக்கில் பயப்படுகிறேன். நாளைக்கு மறுபடியும் பறக்க வேண்டும். டாக்டர் சரி என்று சொன்னால் போதும்.

சாயங்காலம் டாக்டர் விடுதிக்கே வந்தார். இளவயசுச் சர்தார், நீலத் தலைப்பாகை, கண்ணில் நல்ல குணம். அனுராதா குழந்தையோடு கடைக்குப் போயிருந்தாள். வாத்தியார் கூப்பிட்டார் என்று குகனும் போயிருந்தான். வீட்டில் ஏதும் சண்டையா, தூக்கமில்லையா, சாப்பாடு எப்படி என்று விசாரிக்க வந்திருக்கிறார் என்று குற்றாலநாதன் சொன்னான். அவனிடமும் கோமதியிடமும் பேசிவிட்டு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டார். ஏதோ கேட்டார்.

“பேரன் நல்லாச் சாப்பிடுதானான்னு ஒங்கிட்டயும் கேக்காரும்மா” என்றான் என் மகன்.

சாமி பார்த்தால் பார்க்கட்டும் என்று வாயைத் திறந்தேன். “அவன் அஞ்சு நாளாச் சோத்துல கை வைக்கல டாக்டரய்யா. இவ நேர்ந்த நேர்ச்சை. நாளைக்கு அவன ஏத்திராதிய. ஏத்தினா எறங்க மாட்டான்.”

கோமதி பிஸ்கட் தட்டைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். என் மகன் கண்ணாடியைக் கழற்றினான். பிறகு இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னான்.

டாக்டர் சிரித்தார்.

விளங்கவில்லையோ என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “சாப்பிடலய்யா, சாப்பிடல” என்றேன். அவர் இன்னும் சிரித்து, என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். குனிந்து என் காலைத் தொட்டார். ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“என்னல சொன்ன அவர்ட்ட?”

“நீ சொன்னதத்தாம்மா சொன்னேன்.”

பேரன் பட்டினி கிடக்கிறான் என்று கேட்டு எந்த டாக்டர் சிரிப்பார்? கண்ணாடியைத் துடைக்கிற அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது பாளையங்கோட்டை டாக்டர் பேனாவால் மேசையைத் தட்டியது காதில் கேட்டது.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

ஐப்பசி 21, வியாழன், காலை

சஷ்டி. குகன் இருட்டோடு கிளம்பிப் போய்விட்டான். அனுராதா எழுந்துவிட்ட சத்தம் கேட்கிறது. போகிறேன்.

அன்றே, சாயங்காலம்

அனுராதா குறிஞ்சிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டாமல் போனேன்.

“ஒம் புருசன் சனிக்கெழமையில இருந்து சாப்பிடல” என்றேன்.

“யாரு சொன்னா? டெய்லி மெஸ்ல சாப்பிடறாரே பாட்டி.”

“மெஸ்ல போய்க் கேளு, வீட்ல சாப்பிடுதாருன்னு சொல்லுவாவ. புஜத்துல காப்புக் கட்டியிருக்கு, நீ பாக்கலயா?”

அவள் கை நின்றது. “ரட்சைன்னு சொன்னார்” என்றாள். “நேத்து அவருக்கு என்ன ஆச்சு? லேட்டாத்தான் வந்தார். ஒண்ணும் சொல்லலியே.”

அதையும் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டுவதற்கு நின்றால்தானே. சீப்பு குழந்தையின் தலையிலேயே இருந்தது. போனைப் போட்டாள். பறக்கிறவர்கள் போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது, குகன் போன் அணைந்திருந்தது. டாக்டர் எடுக்கவில்லை. வீட்டுச் செருப்போடு, துப்பட்டா இல்லாமல், ரோட்டில் ஓடினாள். விடுதி வாசலில் ஒரு ஜீப்பை மறித்து ஏறியதைப் பார்த்தேன்.

குறிஞ்சியைக் கையில் பிடித்துக்கொண்டு வெராந்தாவில் நின்றேன். வெடி போட்டார்கள். மயில்கள் மொத்தமாக எழும்பி முள்மரங்களுக்கு மேலே போயின. குழந்தை கை தட்டவில்லை. என் கை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தது போல.

இரைச்சல் கேட்டுக் கோமதி வெளியே வந்தாள். தலையில் ஈரத் துண்டு. “அனு எங்க ஓடுதா? அத்தை, என்ன செஞ்சிய?”

“சொல்லிட்டேன்.”

என்னைக் கொல்லுகிற மாதிரி பார்த்தாள். அதற்குள் ஒரு விமானம் கிளம்பியது. நெஞ்சுக்குள் வண்டி ஓடுகிற மாதிரி சத்தம். சூரியனுக்கு நேரே செங்குத்தாக ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கோமதி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷமாக அவள் என்னைத் தொட்டதில்லை.

“அத்தை, அதுல இருக்கது அவனா?”

“தெரியலட்டி.”

“அவன்தானா? சொல்லுங்களேன், ஒங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

அது சுழன்றது. நான் சொம்புத் தண்ணீரை நினைத்துக்கொண்டேன். கோமதி வேலவா வேலவா என்று முனகிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த வேண்டுதல் மாறியது. “விரதத்த நானே முறிச்சிருதேன், அவன எறக்கிரு” என்றாள். சத்தமாகவே சொன்னாள்.

ஜீப் திரும்பி வந்தது. முன்னால் அனுராதா. பின்னால், பறக்கிற உடுப்போடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு குகன். ஏணியில் ஒரு கால் வைத்தவனை இறக்கிக் கூட்டி வந்திருக்கிறார்கள். மேலே போனது வேறு யாரோ பெற்ற பிள்ளை. அவனும் நல்லபடியாக இறங்கினான், அது வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

இந்த முறை குளுக்கோஸ் கொடுக்குமுன் ரத்தம் எடுத்தார்கள். இப்படியே ஏறியிருந்தால் முதல் திருப்பத்திலேயே போயிருப்பான் என்று டாக்டர் சொன்னாராம். குகனுக்கு இனி இந்தப் பயிற்சி இல்லை. பொய் சொன்னதற்கு விசாரணை வரும். திரும்பப் பறக்க விடுவார்களா என்று யாருக்கும் தெரியாது.

“ஒரு நாள் பொறுத்திருக்கலாமே ஆச்சி” என்றான். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

தண்ணீர் எடுக்க எழுந்தபோது தரை சாய்ந்தது. அனுராதா பிடித்துக்கொண்டாள். “பாட்டி, நீங்க எப்ப சாப்பிட்டீங்க?” என்றாள். “சப்பாத்தி எல்லாம் ஆச்சி பூனைக்குப் போட்டுட்டாங்க” என்று குறிஞ்சி சொன்னாள். அவன் பங்கு விரதத்தை நான் இருந்தால் சாமி ஆளை மாற்றிக்கொள்ளாதா என்று திங்கட்கிழமை ஒரு யோசனை. அவ்வளவுதான். அதைப் பெரிதாக எழுத ஒன்றுமில்லை.

டாக்டர் வந்து என் விரலிலும் ஊசி குத்தினார். படபடவென்று பேசினார்.

“என்ன சொல்லுதாரு?”

“திட்டறார் பாட்டி. எண்பது வயசுல உங்களுக்கு அறிவிருக்கான்னு கேக்கறார்.”

அப்படியே சொன்னாள். பாட்டி என்றுதான் கூப்பிட்டாள், நானும் திருத்தவில்லை.

“நேத்து ஏன் சிரிச்சாருன்னு கேளு.”

கேட்டாள். டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு வாசல் பக்கம் நின்ற குற்றாலநாதனைப் பார்த்தார். சொல்வதற்கு அவருக்கே கூச்சமாக இருந்தது.

“பேரன் ரெண்டு ஆள் சாப்பாடு சாப்பிடறான், டாக்டரே, உங்களுக்கு மெஸ் சாப்பாடு போதலன்னா நீங்களும் எங்க வீட்டுக்கு வாங்கன்னு நீங்க சொன்னதா மாமா சொன்னாராம்” என்றாள் அனுராதா.

வாசலில் இப்போது யாரும் இல்லை.

ஐப்பசி 22, வெள்ளி

கோமதி காலையில் கஞ்சி கொண்டுவந்தாள். டம்ளரை நீட்டிக்கொண்டே நின்றாள். வாங்கிக் குடித்தேன். உப்புக் கூடுதல். சொல்லவில்லை.

பிறகு குற்றாலநாதனைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தேன்.

“பாளையங்கோட்டை டாக்டர் பேனாவால மேசையத் தட்டித் தட்டி என்னல சொன்னாரு?”

“அது எதுக்கும்மா இப்ப?”

“என்ன சொன்னாரு?”

கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கத் துண்டைத் தேடினான். துண்டை எடுத்து நான் மடியில் வைத்துக்கொண்டேன்.

“வீட்ல சண்ட வரக் கூடாதுன்னுதாம்மா” என்றான். “நீயும் அவளும் நாலு நாளாப் பேசிக்கிடல. அப்பாவும் நடக்கேன் நடக்கேன்னு ஆசையா இருந்தாவ. செருப்பு போட்டு நடந்தா ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சேன்.”

கஞ்சி டம்ளரை எடுக்க வந்த கோமதி நடுவில் நின்றுவிட்டாள். “நடக்கலாம்னு டாக்டர் சொன்னதாத்தான எங்கிட்டயும் சொன்னிய” என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. “சொல்லியிருந்தா நான் வேற ஏதாவது நேர்ந்திருப்பேனே. மொட்டை போட்டிருப்பேனே” என்றாள்.

ரயில் நாளைக்கு. அனுராதாதான் டிக்கெட் எடுத்தாள், எனக்குக் கீழ்ப் படுக்கை என்று எழுதி வாங்கியிருக்கிறாள். குகன் என்னோடு பேசுவான், அவனால் வெகுநாள் பேசாமல் இருக்க முடியாது. புருவத்தில் தழும்பு உள்ளவனைக் கூட விட்டுவிடலாம், அவனுக்கும் கால்வலி இருந்திருக்கும். கோமதி மேல் பன்னிரண்டு வருஷம் வைத்திருந்ததை எடுத்தாயிற்று. எடுத்ததை வைக்க வேறு இடம் இருக்கிறது.

நான் மன்னிக்காதவன் ஒருவன்தான். சங்கரலிங்கத்துக்கு மகன், குகனுக்கு அப்பா, என் வயிற்றில் பிறந்த குற்றாலநாதன்.